அடிபட்ட கல்லெல்லாம் சிலையாகுமா?

நான் கவரைப்பேட்டையிலிருந்து வந்திருக்கேன்.

கவரைப்பேட்டைன்னா எங்கேன்னு முன்னே எல்லாம் கேட்பாங்க. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா மீஞ்சூர், பொன்னேரி தாண்டி வரும்னு விளக்கணும். 2024 அக்டோபர் 11-ம் தேதி ராத்திரி பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்னுக்கிட்டிருந்த சரக்கு ரயிலில் போய் மோதினதே, அதுக்கு அப்புறம் யாரும் கேட்கிறதில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் போச்சு, ஆண்டவன் புண்ணியம். ஒரு ஊருக்குப் பேர் கிடைக்கிறதுக்கு ரயில் மோத வேண்டியிருக்கு பாருங்க. (சிரிப்பு)

'சொந்த மண்ணை விட்டுப் போனவனைக் கலைஞனாக்குவது அவன் பட்ட துன்பமா, அவன் படித்த புத்தகமா?' இது தலைப்பு. எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி அழகாப் பேசினார். "அடிபட்ட கல்தான் சிலையாகும்"னு சொன்னார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அண்ணாச்சி, எங்க ஊர்ப் பக்கம் ஒரு தடவை வந்து பாருங்க. ஜல்லி கிரஷர்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போற கல்லு படாத அடியா? ராத்திரி பகலா அடி. அதில் எத்தனை கல் சிலையா வெளியே வந்திருக்கு? ஜல்லியாத்தான் வருது! லாரியில ஏத்தி ரோட்டில கொட்டுறாங்க, நாம மேல நடந்து போறோம். (பலத்த கைதட்டல்) அடி மட்டும் போதாது ஐயா. உளி வேணும். அந்த உளியைத்தான் நான் புத்தகம்னு சொல்றேன்.

எதிரணியில் ஷோபாசக்தியைப் பற்றிச் சொன்னாங்க. நல்ல உதாரணம். எனக்கு வசதியான உதாரணம்! அதையே எடுத்துக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் தீவுப் பகுதியில் அல்லைப்பிட்டின்னு ஒரு கிராமம். அங்கே 1967-ல் பிறந்தவர். வீட்டில் வைத்த பேர் அந்தோணிதாசன் யேசுதாசன். 1983 ஜூலைக் கலவரம் நடந்தப்போ பள்ளிக்கூடப் பையன். அந்த வயசில் இயக்கத்தில் சேர்ந்தார். மூணு வருஷத்தில், 1986-ல், மனசு ஒப்பாமல் வெளியே வந்தார். அப்புறம் நாட்டை விட்டே வெளியேறி, தாய்லாந்தில் கொஞ்ச வருஷம். 1993-ல் பிரான்ஸ். போய் இறங்கினவருக்கு பிரெஞ்சு தெரியாது. ஓட்டலில் தட்டு கழுவினார், சமையல் வேலை பார்த்தார், சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியில் சாமான் அடுக்கினார், தெரு கூட்டினார். இதெல்லாம் உண்மை. நான் ஒண்ணையும் மறுக்கலை.

இப்போ நான் கேட்கிறேன். பாரிஸில் லா சப்பேல்னு ஒரு இடம் இருக்கு. நம்ம தமிழ்க் கடைகள் வரிசையா இருக்கிற தெரு. புடவைக் கடை, நகைக் கடை, கறிவேப்பிலை விற்கிற கடை, எல்லாம் உண்டு. அங்கே வந்து போகிற தமிழர்கள் ஆயிரக்கணக்கானவங்க. அவங்களும் போரைப் பார்த்தவங்கதான். அவங்களும் தட்டு கழுவினவங்கதான். பலபேர் அவரைவிட அதிகமாகவே இழந்தவங்க. எல்லாரும் 'கொரில்லா' எழுதிட்டாங்களா? துன்பம்தான் எழுத வைக்கும்னா லா சப்பேலில் கறிவேப்பிலை விற்க ஆளே இருக்காதே, எல்லாரும் நாவலாசிரியர் ஆகியிருப்பாங்களே! (சிரிப்பு, கைதட்டல்)

அப்போ இவருக்கு மட்டும் என்ன நடந்தது? பிரான்ஸில் அவர் ஒரு இடதுசாரி அமைப்பில் சேர்ந்தார். அந்தக் கொள்கை சரியா தப்பாங்கிற விவாதத்துக்கு நான் வரலை, அதுக்கு இன்னொரு மேடை போடுங்க. நான் சொல்ல வர்றது வேற. அங்கே இருந்த தோழர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்தாங்க. படி, படிச்சதைப் பற்றிப் பேசு, பேசினதை எழுதுன்னாங்க. பகலில் எச்சில் தட்டைத் தொட்ட கை ராத்திரியில் புத்தகத்தைத் தொட்டது. 1990-களின் கடைசியில்தான் அவர் எழுத ஆரம்பிக்கிறார். பிரான்ஸுக்குப் போய்ப் பல வருஷம் கழிச்சு! துன்பம்தான் காரணம்னா துன்பம் புதுசா இருந்த அன்னைக்கே எழுதியிருக்கணும் இல்லையா? படிச்ச பிறகுதான் எழுத்து வந்தது. 2001-ல் 'கொரில்லா', 2004-ல் 'ம்', அப்புறம் சிறுகதைகள், 2019-ல் 'இச்சா', 2022-ல் 'ஸலாம் அலைக்'.

'கொரில்லா' எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? அகதி அந்தஸ்து கேட்டு எழுதுகிற ஒரு மனுவாக ஆரம்பிக்குது. இங்கேதான் நீங்க கொஞ்சம் கவனிக்கணும். வெளிநாட்டில் தஞ்சம் கேட்கிற ஒவ்வொருத்தரும் அந்த மனுவை எழுதித்தான் ஆகணும். என் பேர் இது, ஊர் இது, இந்தத் தேதியில் இன்னார் வந்து என்னை அடிச்சாங்க, திரும்பிப் போனா என் உயிருக்கு ஆபத்துன்னு எழுதணும். மொழி தெரியாது, அதனால் எழுதிக் கொடுக்க ஒருத்தர் இருப்பார். ஒரு மனிதனோட முழு வாழ்க்கையும் நாலு பக்கத்தில் அடங்கிப் போகும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி நம்பினால் வாழ்வு, நம்பாவிட்டால் மறுபடியும் மனு. துன்பத்தை எழுதுகிற எழுத்துன்னா உலகத்திலேயே அதைவிடப் பெரிய எழுத்து இல்லை. அப்படி லட்சக்கணக்கான மனுக்கள் ஃபைலில் தூங்குது. அந்த மனுவைப் பார்த்து, 'அடடா, இது ஒரு நாவலோட முதல் அத்தியாயம் ஆச்சே'ன்னு ஒருத்தருக்குத் தோணுது பாருங்க, அது துன்பம் கொடுத்த புத்தி இல்லைங்க. பத்து நாவல் படிச்சவனுக்குத்தான் அது தோணும்.

சரி, அடுத்து எதிரணித் தங்கச்சி ஒருத்தர் மடக்கினாங்க. "எழுத்துக்குப் புத்தகம் வேணும், ஒத்துக்கிறோம். நடிப்புக்கு என்ன புத்தகம்? அது பட்ட அனுபவம்தானே?"ன்னு கேட்டாங்க. 'தீபன்' படத்தைத்தான் சொல்றாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ழாக் ஓதியார்ங்கிற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த படம். நம்ம ஷோபாசக்தி கதாநாயகன். சென்னையிலிருந்து நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன் கதாநாயகி. முன்னே பின்னே தெரியாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரு சின்னப் பெண்ணும், செத்துப் போன ஒரு குடும்பத்தோட பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு, நாங்க ஒரே குடும்பம்னு நடிச்சு பிரான்ஸுக்குப் போறாங்க. 2015 மே மாசம் கான் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத்தான் தங்கப் பனை. அந்த விழாவில் அதுக்கு மேல விருதே கிடையாது. பாதிக்கு மேல தமிழ் பேசுகிற படத்துக்கு! மறுவருஷம் பிரான்ஸோட சீசர் விருதுக்குச் சிறந்த நடிகர் பட்டியலில் இவர் பேரும் இருந்தது.

இந்தப் படத்தில் ஏறத்தாழப் பாதி என் வாழ்க்கைன்னு அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கார். எதிரணிக்கு ஒரே சந்தோஷம். தங்கச்சி, பாதிதானே? மீதிப் பாதி? அதுக்கு யார் வந்து நடிச்சாங்க? (சிரிப்பு) அதுக்கு முன்னால லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' படத்தில் எழுத்திலும் பங்கு, நடிப்பிலும் பங்கு. தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றிய படம். சென்சாரில் முதலில் தடுத்து, மேல்முறையீட்டுக்குப் போய் 2011-ல் வெளியே வந்தது. அதுக்கும் அப்புறம் 2017-ல் கனடாவில் எடுத்த 'ரூபா' படம். கேமரா முன்னால இருந்து இருந்து பழகின மனுஷர். அழுதவன் எல்லாம் நடிகன் ஆயிட முடியாது. அழுதுவிட்டு, எப்படி அழுதோம்னு தள்ளி நின்னு பார்க்கத் தெரிஞ்சவன்தான் நடிகன். அந்தத் தள்ளி நிற்கிற புத்தியை யார் கொடுக்கிறா? கதை படிச்சாத்தான் இன்னொருத்தன் உடம்புக்குள்ள புகுந்து பார்க்கிற பழக்கமே வருது.

நடுவர் ஐயா, எனக்கு இன்னொரு சாட்சி இருக்கு. இதை எதிரணி எதிர்பார்த்திருக்க மாட்டாங்க. விஞ்ஞானக் கதை! ராக்கெட், ரோபோ, வேற்றுக் கிரகம். சொந்தத் துன்பத்தைத்தான் மனுஷன் எழுதுறான்னா, விஞ்ஞானக் கதையை எவன் எழுதினான்? செவ்வாய்க் கிரகத்தில் யாரு கஷ்டப்பட்டா?

ஐசக் அசிமோவ். ரஷ்யாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, 1923-ல் மூணு வயசுக் குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். அப்பா நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வச்சார். நம்ம ஊர்ப் பெட்டிக்கடை மாதிரிதான். விடியற்காலை திறந்தால் நடுராத்திரி வரைக்கும் கடை. பையனும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் நிற்கணும். அந்தக் கடையில் பத்திரிகைகளும் தொங்கும். படிக்கக் கூடாது, குப்பைன்னு அப்பா சொல்லிட்டார். நம்ம வீட்டு அப்பாக்கள் மாதிரியே! பையன் என்ன செஞ்சான்? ஒரு பத்திரிகையோட அட்டையில் 'விஞ்ஞானம்'ங்கிற வார்த்தை இருந்தது. "அப்பா, இது பாடப் புத்தகம் மாதிரி"ன்னு காட்டி அனுமதி வாங்கிட்டான். (சிரிப்பு) அவ்வளவுதான், கதவு திறந்தது. 1938-ல் கையில் ஒரு கதையை எடுத்துக்கிட்டு நேரா ஒரு பத்திரிகை ஆபீஸுக்கே போனார். ஆசிரியர் ஜான் கேம்பெல் உட்கார வச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினார். கதையைத் திருப்பி அனுப்பிட்டார், அது வேற விஷயம்! ஆனா பேசினார். அடுத்த வருஷம், 1939-ல், வேற ஒரு பத்திரிகையில் முதல் கதை அச்சாச்சு. அப்புறம் நூற்றுக்கணக்கான புத்தகம். அவர் மிட்டாய்க் கடைக் கஷ்டத்தையா எழுதினார்? ரோபோவையும் நட்சத்திரப் பேரரசையும் எழுதினார்.

இன்னொருத்தர் நம்ம பக்கத்து வீடு. ஆர்தர் கிளார்க். இங்கிலாந்துக்காரர். பள்ளிக்கூடம் முடிச்சப்போ கல்லூரியில் சேரப் பணம் இல்லை. லண்டனில் பென்ஷன் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா வேலை. ஆனா சின்ன வயசிலேயே ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு புத்தகம் அவர் கையில் கிடைச்சிருந்தது. ஸ்டேபிள்டன்னு ஒருத்தர், மனித குலத்தோட கோடிக்கணக்கான வருஷ எதிர்காலத்தை எழுதின புத்தகம். என் புத்தியை மாற்றின புத்தகம் அதுன்னு பிற்காலத்தில் கொண்டாடினார். 1945-ல் அவர் எழுதின ஒரு கட்டுரையில், பூமிக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டரில் செயற்கைக்கோளை நிறுத்தினால் உலகம் பூரா ஒலிபரப்பலாம்னு சொன்னார். இன்னைக்கு இந்த நிகழ்ச்சி உங்க வீட்டுக்கு வருதே, அந்த வழியாத்தான் வருது. நான் பேசுறது பிடிக்கலைன்னா கிளார்க்கைத்தான் திட்டணும். (சிரிப்பு) அவர் 1956-ல் இலங்கைக்குக் குடிவந்தார், 2008-ல் கொழும்பில்தான் காலமானார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'பெத்தேகம' சிங்களப் படத்தில் வெள்ளைக்கார நீதிபதி லெனார்ட் வுல்ஃபா நடிச்சார்! அவர் விரும்பி வந்தவர், நம்ம சனங்க விரட்டப்பட்டுப் போனவங்க. ரெண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, எனக்குத் தெரியும். அதே தீவுக்கு ஒருத்தர் ஆசையா வந்தார், அதே தீவிலிருந்து இன்னொருத்தர் தப்பி ஓடினார். ரெண்டு பேரையும் எழுத வச்சது அலமாரியில் இருந்த புத்தகம்.

இப்போ எங்க ஊருக்கு வர்றேன்.

எங்க ஊரிலிருந்து கும்மிடிப்பூண்டி அடுத்த ஸ்டேஷன். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1990-லிருந்து இருக்கு. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், அதில் பெரியவற்றில் இது ஒண்ணு. 2021-ல் அரசாங்கம் 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாற்றினது. பேர் மாறினது நல்லதுதான். ஆனா குடியுரிமைங்கிற கதவு இன்னும் மூடித்தான் இருக்கு. 2019-ல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூணு நாடும் இருக்கு, இலங்கை இல்லை. அங்கே பிறந்த பிள்ளைங்க இலங்கையைப் பார்த்ததே கிடையாது. அம்மா "ஓம்"னு சொல்லுவாங்க, பிள்ளை "ஆமா"ன்னு சொல்லும். டிகிரி முடிச்ச பையன்கள் பெயிண்ட் டப்பாவோட காலையில் வேலைக்குக் கிளம்புறதை நான் பார்க்கிறேன்.

எங்க வீட்டுக்கும் அப்படி ஒரு தம்பி பெயிண்ட் அடிக்க வந்தான். மத்தியானம் சாப்பிட்டதும் எங்க வீட்டு அலமாரியையே பார்த்துக்கிட்டு நின்னான். "அக்கா, இந்தப் புத்தகத்தை எடுக்கலாமா?"ன்னான். சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. ஜீனோ, அந்த நாய்க்குட்டி ரோபோ, உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். மறுநாள் வேலைக்கு வரும்போது முழுசும் முடிச்சிருந்தான். எங்க ஹாலுக்கு ரெண்டாவது கோட்டிங் கொஞ்சம் லேட்டாச்சு, பரவாயில்லை. (சிரிப்பு)

அந்தப் பையன் இப்போ எழுதுறான். நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டுறான். ஒரு கதை சொல்றேன் கேளுங்க. ஒரு விண்கப்பல். ஒரு கிரகத்திலிருந்து கிளம்பி இன்னொரு கிரகத்துக்குப் போகுது. போய்ச் சேர முப்பது வருஷம். கப்பலிலேயே ஒரு பையன் பிறக்கிறான். புறப்பட்ட கிரகம் அவனுக்குத் தெரியாது, போய்ச் சேருகிற கிரகம் அவனைத் தன் பிள்ளைன்னு ஏத்துக்கலை. இறங்கின இடத்தில் ஒரு ரோபோ தினமும் சாயங்காலம் வரிசையில் நிற்க வச்சு ஆள் எண்ணுது. ஒரு நாள் கணக்கில் ஒரு ஆள் அதிகமா வருது. யாருன்னு தேடினா, எண்ணுகிற ரோபோவே வரிசையில் வந்து நின்னிருக்கு. அதைச் செஞ்ச கம்பெனியும் இப்போ இல்லையாம், அதுக்கும் திரும்பிப் போக இடம் இல்லையாம். (நீண்ட கைதட்டல்)

இதைத் துன்பம் எழுதிச்சா? முகாமில் ஆள் எண்ணுறதை அத்தனை பேரும் பார்த்தாங்க. ரோபோவை வரிசையில் நிறுத்தினவன் ஒருத்தன்தான். அவன் ஜீனோவைப் படிச்சவன்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்தப் பையன் ஒரு நூலகத்தில் உறுப்பினர் ஆகப் போனான். எந்த நூலகம், எந்த ஊர்ங்கிறது வேண்டாம். ரேஷன் கார்டு கேட்டாங்க. அவன்கிட்ட இருந்தது முகாம் அட்டை. நிரந்தர முகவரி இல்லையேப்பான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த முகாமிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தவனுக்கு நிரந்தர முகவரி இல்லை! இப்போ என் கார்டில்தான் அவனுக்கும் புத்தகம் எடுத்துட்டு வர்றேன். "கார்டு உன் பேர்ல, படிக்கிறது அவனா?"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்பார். அப்படிக் கேட்டுக்கிட்டே அவரும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவார்.

அண்ணாச்சி, அதனால்தான் எனக்கு உங்க கட்சி மேல கோபம். துன்பம்தான் கலைஞனை உண்டாக்கும்னு நீங்க சொல்லிட்டா நமக்கு வேலையே இல்லாமப் போகுது. கஷ்டப்படட்டும், நல்லாக் கஷ்டப்படட்டும், கஷ்டப்பட்டா எழுத்தாளனாவான்னு காலை நீட்டிப் படுத்துக்கலாம். முகாமில் துன்பத்துக்கு என்ன பஞ்சம்? முப்பத்தஞ்சு வருஷமா ஸ்டாக் இருக்கு. இல்லாதது அலமாரிதான்.

எதிரணியில் கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்தப் போர் இல்லைன்னா ஷோபாசக்தி எதை எழுதியிருப்பார்?" நியாயமான கேள்வி. போர் இல்லைன்னா அல்லைப்பிட்டியைச் சுற்றியிருக்கிற கடலைப் பற்றி எழுதியிருப்பார். அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவை எழுதியிருப்பார், பக்கத்து வீட்டுக் கிழவியோட வாயை எழுதியிருப்பார். கூத்துக் கட்டி ஆடியிருப்பார். நமக்கு 'கொரில்லா' கிடைச்சிருக்காது, உண்மைதான். அதுக்குப் பதிலா அந்த ஊரில் எத்தனையோ பேர் உயிரோட இருந்திருப்பாங்க. எந்த எழுத்தாளரைக் கேட்டாலும் அந்த வியாபாரத்துக்குச் சம்மதிப்பார்.

நடுவர் ஐயா மணியில் கை வச்சிட்டீங்க. பையன் அடுத்ததா அசிமோவ் தமிழில் இருக்கான்னு கேட்டிருக்கான். இங்கே வந்திருக்கிறவங்க யார் வீட்டிலாவது இருந்தா, நிகழ்ச்சி முடிஞ்சதும் வாசலில்தான் நிற்பேன், கொடுத்துட்டுப் போங்க. படிச்சதும் திருப்பிக் கொடுத்திடுவான், அதுக்கு நான் ஜாமீன். கவரைப்பேட்டைக்கு ராத்திரி லோக்கல் பிடிக்கணும். (பலத்த கைதட்டல்)